நீரிழிவும் சிறுநீரகமும்: இரு வைத்தியம், ஒரு நோயாளி



நீரிழிவு என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர் நினைவுக்கு வருவது சீனி. தேநீருக்குச் சீனி போடலாமா, மாம்பழம் உண்ணலாமா, சோற்றைக் குறைப்பதா என்பவையே வீட்டுக்கு வீடு நடக்கும் பேச்சு. யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் சலரோகம் என்று இதனைக் குறிப்பிடுவர். பெயர் எதுவாயினும், இந்நோய் ஓசையின்றி அழிவு செய்யும் இடங்களுள் முதன்மையானது, முள்ளந்தண்டின் இரு மருங்கிலும் விலாவெலும்புகளின் கீழ்ப்புறத்தே அமைந்துள்ள சிறுநீரகமாகும். அதனைப் பற்றியும், அதனைக் காப்பதற்கு ஆயுள்வேதமும் சித்தமும் எவ்வளவு துணையாகும், எங்கே துணையாகா என்பது பற்றியும் இன்று சில சொல்ல விழைகின்றேன்.

நம் முன்னோர் குண்டிக்காய் என்று வழங்கிய இவ்வுறுப்பு கைமுட்டியளவினது. நிறையில் ஏறத்தாழ 150 கிராம். ஒவ்வொன்றினுள்ளும் சுமார் பத்து இலட்சம் நுண்வடிகள் உள. நாளொன்றுக்கு ஏறக்குறைய 180 லீற்றர் நீர்மம் இவற்றினூடாக வடிக்கப்படுகின்றது. அதில் உடலுக்கு வேண்டியன யாவும் திரும்ப உறிஞ்சப்பட்டு, ஒன்றரை லீற்றர் அளவே சிறுநீராக வெளியேறுகின்றது. குருதியில் சீனியும் குருதியமுக்கமும் ஆண்டுக்கணக்காக மிகுந்திருப்பின் இவ்வடிகளின் மெல்லிய சுவர்கள் தடிக்கும். அவற்றின் துளைகள் செம்மை குலையும். அப்பொழுது, உடலைவிட்டு நீங்கக்கூடாத அல்புமின் என்னும் புரதம் சிறுநீரிற் கசியத் தொடங்குகின்றது. 1827ஆம் ஆண்டில் இலண்டன் வைத்தியர் றிச்சட் பிறைற், சிறுநீரிற் காணும் புரதத்தையும் உடல் வீக்கத்தையும் சிறுநீரகச் சிதைவையும் ஒன்றோடொன்று தொடர்புபடுத்தி எழுதினார். நீரிழிவாளரின் சிறுநீரகத்தில் மட்டும் சிறப்பாகக் காணப்படும் முடிச்சுகளைக் கிம்மெல்ஸ்ரீல், வில்சன் என்னும் இருவர் 1936இல் விவரித்தனர்.

இதில் அஞ்சத்தக்கது யாதெனில், சிறுநீரகம் நோவதில்லை என்பதே. பல்லில் ஒரு பொத்தல் விழுந்தால் இரவு முழுவதும் உறக்கமில்லை. சிறுநீரகமோ பாதிக்குமேற் கெட்ட பின்னரும் வாய் திறவாது. கால் வீக்கமும், களைப்பும், ஓங்காளமும், உடலரிப்பும் வெளிப்படும் காலத்தில் நோய் நெடுந்தூரம் சென்றிருக்கும். ஆகவே, "எனக்கு ஒன்றுமில்லை, நன்றாய்த்தான் இருக்கின்றேன்" என்று நீரிழிவாளர் ஒருவர் சொல்வதைச் சான்றாகக் கொள்ளல் இயலாது. சான்று சொல்லத்தக்கது சிறுநீர் ஒன்றே.

வியப்பு என்னவெனில், இந்நோய்க்குச் சிறுநீரே சான்று என்பதை முதலிற் கண்டவர்கள் நம் பழைய வைத்தியர்களே. சரக சங்கிதையும் சுசுருத சங்கிதையும் இதனைப் பிரமேகம் எனப் பெயரிட்டு இருபது வகையாகப் பிரித்தன. கபத்தால் வருவன பத்து, பித்தத்தால் வருவன ஆறு, வாதத்தால் வருவன நான்கு. இவற்றுள் முதற் பத்தும் தீரும், அடுத்த ஆறும் அடக்கிவைக்கத்தக்கன, கடை நான்கும் தீரா என்று அவை ஒளிக்காமற் கூறின. தேன்போன்ற சிறுநீர் பெருகும் மதுமேகம் அக்கடை நான்கனுள் அடங்கும். சிறுநீரை எறும்பு மொய்க்கும் என்பதையும் அக்காலத்தார் கண்டறிந்தனர். சித்த வைத்தியர், சிறுநீரின் நிறமும் மணமும் நுரையும் எடையும் நோக்கி நீர்க்குறி கண்டனர்; அதன்மேல் ஒரு துளி எண்ணெய் விட்டு அது பரவும் பாங்கினை நோக்கி நெய்க்குறி கண்டனர். யாழ்ப்பாண அரசர் பெயர் தாங்கிய செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் வைத்திய நூல்கள் நம்மிடையே உள்ளன. பின்னையதில் மேகரோகத்துக்குத் தனிப்பகுதியே உண்டு. எனினும் ஒன்று சொல்லவேண்டும். நெய்க்குறியால் அல்புமினை அளக்க முடியாது. ஒரு கிராம் கிரியற்றினினுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் அல்புமின் இருந்தால் சிறுநீரகம் கசியத் தொடங்கிவிட்டது எனவும், 300ஐத் தாண்டினால் கேடு முற்றியது எனவும் இன்றைய ஆய்வுகூடம் சொல்கின்றது. கண்ணுக்குப் புலப்படும் நுரை தோன்றுவதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்னரே இவ்வெண் தோன்றிவிடும்.

அவ்வெண்ணைக் கண்ட பின் செய்யத்தக்கது என்ன? இங்கே மேனாட்டு வைத்தியத்தின் கை ஓங்கியிருப்பதை ஒப்புக்கொள்வதே நேர்மை. 1921இல் ரொறன்ரோ நகரிற் கண்டுபிடிக்கப்பெற்ற இன்சுலின், 1922 சனவரியில் முதன்முதல் ஒரு நோயாளிக்கு ஏற்றப்பட்டது. 1993இல் வெளிவந்த பேராய்வொன்று, சீனியைச் செவ்வனே கட்டுப்படுத்தினாற் சிறுநீரகக் கேடு குறையும் என்பதை ஐயத்துக்கிடமின்றிக் காட்டிற்று. அதே ஆண்டில் கப்ரோபிறில் என்னும் குருதியமுக்க மருந்தும், 2001இல் லொசாட்டன் என்னும் மருந்தும் நீரிழிவாளரின் சிறுநீரகச் சிதைவைத் தாமதப்படுத்துவன என்று நிறுவப்பட்டன. 2019ஆம் ஆண்டு தொடக்கம், சீனியைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் புதிய மருந்துவகையும் அவ்வாறே சிறுநீரகத்தைக் காப்பதாக உறுதிப்பட்டுள்ளது.

மூலிகையை மதிப்பவர்கள் இப்புதிய மருந்தின் பிறப்பை அறிந்தால் மகிழ்வர். 1835இல் பிரெஞ்சு இரசாயனவியலாளர் அப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து புளோரிசின் என்றொரு கசப்புப் பொருளைப் பிரித்தெடுத்தனர். அதனை உட்கொண்டாற் சிறுநீரிற் சீனி கழியும் என்பது அந்நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே தெரியவந்தது. அதன் அமைப்பைத் திருத்தித் திருத்தியே இன்றைய மருந்து உருவாயிற்று. நம் மருந்துக் கடைகளில் நாளும் விற்பனையாகும் மெற்போமினும், ஐரோப்பாவில் வளரும் கலேகா என்ற செடியின் ஆராய்ச்சியிலிருந்து பிறந்த மருந்தின் வழித்தோன்றலே. 1957இல் பாரிசு நகர வைத்தியர் யோன் ஸ்ரேண் அதனை நீரிழிவுக்குப் பயன்படுத்தி எழுதினார். ஆகவே "பச்சிலையா, மாத்திரையா" என்னும் சண்டையே பொருளற்றது. அளவறிந்ததா, சோதிக்கப்பட்டதா, இந்நோயாளியின் சிறுநீரகத்துக்கு ஏற்றதா என்பவையே கேட்கத்தக்க கேள்விகள்.

நம் நாட்டில் இரு வைத்தியமும் சட்டத்தின் பாதுகாப்போடு அருகருகே வாழ்கின்றன. கொழும்பில் 1929இல் சுதேச வைத்தியக் கல்லூரி தொடங்கிற்று. 1961இல் ஆயுள்வேதச் சட்டம் இயற்றப்பட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் சித்த மருத்துவம் பட்டக் கல்வியாகப் பயிற்றப்படுகின்றது. மறுபுறம், 1847இல் இங்கு வந்த வைத்தியர் கிறீன், மானிப்பாயிலிருந்து மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். எனவே எந்த வைத்தியமும் தமிழனுக்கு அந்நியமன்று. நோயாளிதான் இரண்டையும் ஒன்றுக்கொன்று தெரியாமல் மறைக்கின்றார். ஆசுப்பத்திரிக் கிளினிக்கிற் கசாயத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை, ஏசுவார்கள் என்ற அச்சம். பரியாரியாரிடம் மாத்திரையைப் பற்றிச் சொல்வதில்லை, மருந்து முறிந்துவிடும் என்ற எண்ணம். இடையில் அகப்பட்டுக்கொள்வது சிறுநீரகம்.

சுதேச வைத்தியத்தில் நீரிழிவாளருக்கு மெய்யாகவே பெரும்பயன் தருவது எது என்று என்னைக் கேட்டால், போத்தலில் உள்ளதன்று, பத்தியத்தில் உள்ளது என்பேன். பிறப்பிலேயே வருவது, தகாத உணவாலும் பழக்கத்தாலும் வருவது எனப் பிரமேகத்தைச் சுசுருதர் இரண்டாக வகுத்தார். முன்னவன் மெலிந்தவன், நீர்வேட்கை உடையவன். பின்னவன் பருத்தவன், மிக உண்பவன், படுக்கையையும் இருக்கையையும் விரும்புபவன். பின்னவனுக்கு அவர் விதித்த சிகிச்சையைப் பாருங்கள். பொருளும் சுற்றமும் இல்லாதவன் செருப்பும் குடையுமின்றி, இரந்துண்டு, ஓர் ஊரில் ஓரிரவுக்கு மேல் தங்காது, முனிவனைப்போல் நூறு யோசனைத் தூரம் நடக்கவேண்டும். அல்லது பசுக்களோடு திரியவேண்டும். அல்லது கிணறு தோண்டவேண்டும். வசதியுடையவனும் நீவாரம், சியாமாகம் என்னும் காட்டுத் தானியங்களை உண்டு வாழவேண்டும். நீரிழிவாளர் வெறுங்காலோடு நடத்தல் இன்று கூடாது. காலில் உணர்ச்சி குன்றியவருக்கு ஒரு முள்ளே பெரும்புண்ணாகிவிடும். அதனை நீக்கிப் பார்த்தால், நட, உழை, எளிய தானியம் உண் என்ற அறிவுரையில் இன்றைய வைத்தியர் திருத்த வேண்டியது சிறிதே.

மெலிந்தவனைப் பற்றி அவர் கூறியதையும் மறக்கலாகாது. அவனை வருத்தாது காக்கவேண்டும் என்றார். சிறுபிராயத்தில் இன்சுலின் சுரப்பு அற்றுப்போகும் வகையை நாம் இன்று அறிவோம். அப்பிள்ளைக்கு இன்சுலினே உயிர். "ஊசியை நிறுத்துங்கள், நாற்பது நாளிற் சுகப்படுத்துகிறேன்" என்று எவரேனும் சொன்னால், அப்பிள்ளை ஒரு வாரத்தைத் தாண்டுவதே அரிதாகலாம். இதில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை.

இனி மூலிகைகள். நம் நாட்டிற் புகழ்பெற்றது, சிங்களத்திற் கொத்தலா ஹிம்புட்டு என்றும் தமிழ் வைத்தியராற் பொன்கொரண்டி என்றும் வழங்கப்படும் கொடி. இதன் தண்டைக் கடைந்து குவளையாக்கி, அதில் இரவு முழுவதும் நீர் வைத்துக் காலையிற் குடிப்பது வழக்கம். மாப்பொருளைச் சீனியாக உடைக்கும் குடல் நொதியங்களை அது தடுக்கின்றது. 1997இல் யப்பானிய ஆய்வாளர் அதிலிருந்து சலசினோல் என்னும் பொருளைப் பிரித்துக் காட்டினர். பாவற்காய், வெந்தயம், சிறுகுறிஞ்சா, ஆவரசம்பூ, கொவ்வை இலை ஆகியனவும் சீனியை ஓரளவு தாழ்த்தக்கூடியன. ஓரளவு என்பதை அழுத்திச் சொல்கின்றேன். கறியாகவோ தேநீராகவோ மிதமாக உட்கொள்வது பெரும்பாலோருக்குத் தீங்கன்று. ஆனால் இன்சுலினோ, கிளிக்கிளசைட்டுப் போன்ற மாத்திரையோ எடுப்பவர் இவற்றைச் செறிந்த மருந்தாகச் சேர்த்துக்கொண்டாற் சீனி மிகத் தாழ்ந்து, வியர்த்து நடுங்கி மயங்கிவிழவும் கூடும்.

சிறுநீரகத்துக்கென்றே சொல்லப்படுவன வேறு. மூக்கிரட்டை, நெருஞ்சில், சிறுபீளை முதலியன நீர்பெருக்கிகள். வீக்கம் வடியவும் கல்லடைப்புத் தீரவும் நெடுங்காலமாக வழங்கப்பட்டவை. இவற்றுட் சில ஆய்வுகூட எலிகளிடத்தும், சிறுதொகையினரான நோயாளரிடத்தும் நன்மை காட்டியுள்ளன. ஆயினும், நான் முன்னே கூறிய மருந்துகளைப்போல், பல்லாயிரவரிடத்துச் சோதிக்கப்பட்டு நீரிழிவாளரின் சிறுநீரகச் சிதைவைத் தடுப்பதாக நிறுவப்பட்ட மூலிகை இன்றுவரை ஒன்றுமில்லை. துணையாகலாம், பதிலாகா.

இவ்விடத்தில் ஒரு மயக்கத்தைத் தெளிவித்தல் வேண்டும். கசாயம் குடிக்கத் தொடங்கிச் சில மாதங்களிற் சீனி தானாகவே இறங்குகின்றது. முப்பது அலகு இன்சுலின் போட்டவருக்குப் பத்தே போதுமாகின்றது. நோய் தீர்ந்தது என்று வீட்டார் பொங்கல் வைக்கின்றனர். உண்மையில் நடந்தது வேறாக இருக்கலாம். இன்சுலினைச் சிதைத்து அகற்றும் உறுப்புகளுள் சிறுநீரகமும் ஒன்று. அது குன்றும்போது ஏற்றிய இன்சுலின் உடலில் நெடுநேரம் தங்குகின்றது. சிறுநீரகம் தானே ஆக்கும் சீனியும் குறைகின்றது. எனவே, உணவும் எடையும் மாறாதிருக்கக் காரணமின்றிச் சீனி இறங்குவது, வெற்றியாகத் தோன்றும் தோல்வியாகவும் இருத்தல் கூடும். இத்தகையவர் மகிழுமுன் குருதியிற் கிரியற்றினினைச் சோதிப்பிக்க வேண்டும்.

"மூலிகைதானே, என்ன தீங்கு செய்யும்" என்பாருக்குச் சில செய்திகள். குறுக்கே வெட்டினால் நட்சத்திர வடிவாய்த் தோன்றும் காமரங்காயை நீரிழிவுக்கு நல்லதென்று வெறும் வயிற்றிற் சாறு பிழிந்து குடித்தவர்கள், சில நாட்களுக்குள் சிறுநீரகம் செயலிழந்து நம் நாட்டு ஆசுப்பத்திரிகளிற் சேர்ந்தமை மருத்துவ ஏடுகளிற் பதிவாகியுள்ளது. அதன் ஒட்சாலிக் அமிலம் பளிங்குகளாகிச் சிறுநீரக நுண்குழாய்களை அடைத்துவிடுகின்றது. அதன் இனமாகிய பிலிம்பியும் அத்தகையதே. இரண்டாவது, பாம்புக்கடிக்குப் புகழ்பெற்ற ஈச்சுரமூலி. இவ்வினச் செடிகளில் உள்ள அரிஸ்ரலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைத் தழும்பாக்கி வற்றச்செய்யும். சிறுநீர்ப்பாதையிற் புற்றுநோயையும் விளைக்கும். பெல்சியத்தில் உடல் மெலிவதற்கென மூலிகைத் தூள் உண்ட பெண்கள் பலர், அதில் இவ்வினச் செடி மாறிக் கலந்தமையாற் சிறுநீரகத்தை இழந்த செய்தி 1993இல் வெளியாயிற்று. மூன்றாவது, பற்பமும் செந்தூரமும். அமெரிக்காவின் பொஸ்ரன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுள்வேத மருந்துகளைச் சோதித்து 2004இல் வெளியிட்ட ஆய்வில், 14இல் ஈயமோ பாதரசமோ ஆசனிக்கோ காணப்பட்டது. முறைப்படி சுத்தி செய்த பற்பம் தீங்கற்றது என்பர் மரபுவழி வைத்தியர். குன்றிய சிறுநீரகத்தில் அவ்வாதத்தைச் சோதித்துப் பார்ப்பது தகாது என்பது என் துணிபு. அதிமதுரம்கூட, அளவு மீறினாற் குருதியமுக்கத்தை உயர்த்தும். லேகியத்தின் பாகில் எவ்வளவு சீனியும் பனங்கட்டியும் உள என்பதை, அதனை நீரிழிவுக்கென வாங்கி உண்பவர் ஒருமுறையேனும் எண்ணிப் பார்ப்பதுண்டோ?

ஆங்கில மருந்தும் குற்றமற்றதன்று. மூட்டுவலிக்கென்று வைத்தியரைக் கேளாமற் பாமசியில் வாங்கி விழுங்கும் டைக்குளோபெனாக், இபுபுறூபன் போன்ற மாத்திரைகள் சிறுநீரகத்துக்குச் செல்லும் குருதியைக் குறைப்பன. அவ்வலிக்கு ஒரு தைலத்தைச் சூடாக்கித் தேய்ப்பது பன்மடங்கு மேல். சுதேச வைத்தியத்தின் எண்ணெய்ப்பூச்சும் ஒற்றடமும் சிறுநீரக நோயாளருக்குப் பரிந்துரைக்கத்தக்கவை.

சிறுநீரகம் மெய்யாகவே குன்றிய பின்னர் உணவின் கணக்கு மாறிவிடும். அதுவரை நன்மை செய்த இலைக்கஞ்சியும், செவ்விளநீரும், வாழைப்பழமும் பொற்றாசியம் மிக்கவை. அதனை வெளியேற்ற முடியாதபோது குருதியில் அது தேங்கி இதயத்தை நிறுத்தவும் வல்லது. மூக்கிரட்டையிலும் பொற்றாசிய உப்பு மிகுதி. எல்லா நோயாளருக்கும் இவ்விலக்கு இல்லை. குருதியிற் பொற்றாசியம் உயர்ந்தவருக்கே உண்டு. அத்தகையோர் கீரையையும் கிழங்கையும் நிறைய நீரில் அவித்து அந்நீரை வடித்துவிட்டு உண்ணல் நன்று. உப்பைப் பொறுத்தவரை எல்லாருக்கும் ஒரே விதிதான்: நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவு, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. கருவாடும் ஊறுகாயும் மோர்மிளகாயும் அக்கணக்கினுள் அடங்கும். இந்துப்பு இதற்கு விலக்கு என்று நம்புகின்றவர் பலர். அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைட்டே.

வட மத்திய மாகாணத்து உழவரிடையே 1990களிலிருந்து அறியப்பட்ட சிறுநீரக நோய் வேறொன்று. அது நீரிழிவால் வருவதன்று. அதனைப் பற்றிய அச்சத்தால், தம் வீட்டு நீரிழிவு நோயாளியின் சிறுநீரைச் சோதிக்க மறந்துவிடுதல் ஆகாது. முதுமைசார் நீரிழிவு கண்டறியப்பட்ட அன்றிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறையும், இளமையில் இன்சுலின் அற்றுத் தொடங்கிய வகைக்கு ஐந்தாண்டின் பின் ஆண்டுதோறும், சிறுநீரில் அல்புமினும் குருதியிற் கிரியற்றினினும் பார்க்கப்படல் வேண்டும். அந்தத் துண்டைப் பரியாரியாரிடமும் காட்டுங்கள். கல்லூரியிற் கற்றுப் பதிவுபெற்ற சித்த, ஆயுள்வேத வைத்தியர் அதனை நன்கு வாசிக்க அறிவர். கசாயச் சரக்குகளின் பெயரை ஒரு தாளில் எழுதிவாங்கிக் கிளினிக்குக்கும் கொண்டுசெல்லுங்கள். பெயர் சொல்ல மறுக்கும் மருந்தை வாங்காதீர்கள். புதிதாக ஒன்று தொடங்கினால் ஒரேயொன்றைத் தொடங்கி, சில வாரங்களில் மீண்டும் கிரியற்றினின் பார்ப்பது முறை. இரண்டு மூன்றை ஒருங்கே தொடங்கினால் எது கெடுத்தது என்பது ஒருவருக்கும் தெரியாது.

கடைசியாகப் பேதி மருந்து பற்றி ஒரு சொல். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிறு கழுவுதல் நம் வீடுகளில் நெடுநாள் வழக்கம். பிரமேகத்துக்கும் நூல்கள் கழிச்சலை விதிக்கின்றன. நல்ல உடலுடையவருக்கு அது ஒருநாட் களைப்போடு போய்விடும். ஆனால் சிறுநீரகம் குன்றிய நீரிழிவாளருக்கு, அதிலும் லொசாட்டன் போன்ற குருதியமுக்க மாத்திரையோ, சீனியைச் சிறுநீரிற் கழிக்கும் புதிய மாத்திரையோ எடுப்பவருக்கு, நீர் வற்றினாற் சிறுநீரகம் ஒரே நாளிற் படுத்துவிடலாம். மெற்போமினும் உடலில் தேங்கித் தீங்கு செய்யலாம். அவர்களுக்குப் பேதி வேண்டாம். தானாகவே வாந்தியோ வயிற்றோட்டமோ காய்ச்சலோ கண்டாலும், அந்நாட்களில் எந்த மாத்திரையை நிறுத்திவைப்பது, எப்போது மீண்டும் தொடங்குவது என்று தத்தம் வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இன்சுலினை மட்டும், உண்ண முடியவில்லை என்பதற்காக, வைத்தியரைக் கேளாமல் முற்றாக நிறுத்திவிடாதீர்கள்.